நூவர் நாட்டில் தந்தை யார்?

அலுவலகப் படிவங்களில் 'உறவுமுறை' என்றொரு கட்டம் உண்டு. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தையின் கணவர் ஆகிய நால்வரையும் 'அங்கிள்' என்ற ஒரே சொல்லுள் அடைத்துக் கோப்பினை மேலே அனுப்பும் எழுத்தர் இனத்தைச் சேர்ந்தோர் நாம். உறவு அவ்வாறு கட்டத்துள் அடங்குவதன்று என்பதை ஆங்கில நூலுலகிற்கு விரிவாக எடுத்துக்காட்டிய அறிஞருள் ஒருவர் இவான்ஸ்-பிரிட்சார்டு.

1902-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், ஆக்ஸ்போர்டில் வரலாறும் லண்டனில் மானிடவியலும் பயின்றார். 1930-இல் சூடான் அரசின் வேண்டுகோளின்பேரில், நைல் நதிச் சதுப்புநிலங்களில் மாடு மேய்த்து வாழ்ந்த நூவர் மக்களிடம் சென்றார். அரசுப் படைகள் அம்மக்களை ஒடுக்கிச் சில காலமே ஆகியிருந்தது. பெயரையும் குலத்தையும் வினவினால் சுற்றி வளைத்துப் பேசியே அவரைச் சலிப்புறச் செய்தனர். படைக்குப் பின்னே ஏடும் எழுதுகோலுமாக வருபவரிடம் நாமும் நம் கொடிவழியை ஒப்பிப்போமோ? பல தவணைகளில் அவர் அங்குத் தங்கியது ஏறத்தாழ ஓராண்டே. அதைக் கொண்டே 1940-இல் ஒரு நூலும், உறவுமுறையையும் திருமணத்தையும் விரித்துரைக்கும் 1951-ஆம் ஆண்டு நூலும் உருவாயின.

நூவர் வழக்கில் மணமகன் வீட்டார் பெண்வீட்டார்க்கு மாடு கொடுத்தல் வேண்டும். நாற்பது என்பது உத்தம எண்ணிக்கை. அவை பெண்ணின் தந்தைவழியார்க்கும் தாய்வழியார்க்கும் பங்கிடப்படும். தாய்மாமனுக்கும் பங்கு உண்டு. எவர் பெயரால் மாடு கொடுக்கப்பட்டதோ அவரே பிள்ளைக்குத் தந்தை. ஒருவன் மகப்பேறின்றி இறந்தால், தம்பி மாடு கொடுத்து அண்ணன் பெயரால் ஒருத்தியை மணப்பான். பிறக்கும் பிள்ளைகள் இறந்தவனுடைய பிள்ளைகள். அத்தம்பியும் தனக்கென மணமுடிக்குமுன் மறைந்தால், அவன் பெயரால் மணக்க மற்றொருவன் வரவேண்டும்! பிள்ளைப்பேறற்ற பெண், தானே மாடு கொடுத்து வேறொரு பெண்ணை மணந்து, அவள் ஈன்ற மக்களுக்குத் 'தந்தை' ஆவதும் உண்டு. நம் படிவத்தின் 'தந்தை பெயர்' என்னும் வரியை இவர்கள் எங்ஙனம் நிரப்புவர்?

1946 முதல் 1970 வரை ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக வீற்றிருந்தார். நம் நாட்டு எம்.என். சீனிவாஸ் அவரிடம் பயின்றவர். 1973-இல் மறைந்தார்.

அவர் தீட்டிய சித்திரம் அப்படியே நிலைத்துவிடவில்லை. தஞ்சை மாவட்டச் சிற்றூர்களில் ஆய்வு நடத்திய காதலீன் கஃப், நூவர் உறவுகளை வரலாற்றின் போக்கில் வைத்துக் காணவேண்டுமென 1971-இல் வாதிட்டார். 1980-களில் அங்குச் சென்ற ஷாரன் ஹட்சின்சன் அம்மையார் கண்டது நம்மனோர்க்கு இன்னும் நெருக்கமானது. கூலி வேலையும் பணமும் புகுந்தபின், நூவர் 'மகளிர் மாடு', 'பணத்து மாடு' என இருவகை பிரித்துப் பேசினர். மகளின் திருமணத்தில் வந்த மாட்டின்மேல் சுற்றத்தார்க்கு உரிமை வலிது. உழைத்த பணத்தில் வாங்கிய மாட்டின்மேல் அது தளர்ந்திருந்தது. மாதந்தோறும் ஊருக்கு மணியார்டர் அனுப்பிய நாட்களில், எந்த மாடு எந்த வகை என்னும் இவ்வழக்கு நம் வீட்டுத் திண்ணைகளிலும் நடந்ததுதானே.