வாடகைக்கு விட வீடு வாங்கலாமா? வாடகையே இ.எம்.ஐ. கட்டிடுமா? கணக்கு சொல்வது என்ன?

"ஒரு வீட்டை வாங்கிப் போடு, வாடகையே கடனை அடைச்சிடும்." சென்னையில் வீடு வாங்க யோசிக்கும் பலருக்கும் கிடைக்கும் அறிவுரை இது. உண்மையிலேயே அப்படி நடக்குமா? ஒரு உதாரணக் கணக்கோடு பார்க்கலாம்.

கையில் நிற்பது எவ்வளவு?

புறநகரில் ரூ.60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என பத்திரச் செலவு மட்டும் ரூ.5.40 லட்சம். ஆக மொத்தம் ரூ.65.40 லட்சம்.

மாத வாடகை ரூ.16,000 என்றால் ஆண்டுக்கு ரூ.1.92 லட்சம். சொத்து வரி, பெயிண்டிங், ரிப்பேர், ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடப்பது என ரூ.35,000 போனால், மிஞ்சுவது ரூ.1.57 லட்சம். அதாவது போட்ட பணத்துக்கு 2.4% தான். பேங்க் எஃப்.டி. வட்டியே இதைவிட அதிகம்.

கடன் வாங்கினால்?

ரூ.40 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 ஆண்டுகள் என்றால் இ.எம்.ஐ. சுமார் ரூ.34,700. வாடகை போக மாதம் ரூ.18,700 கையிலிருந்து போட வேண்டும். முதல் மாத வட்டி மட்டுமே ரூ.28,333. வாடகை அந்த வட்டிக்குக்கூட பத்தாது!

அப்போ லாபமே இல்லையா?

இருக்கிறது. வாடகை காலப்போக்கில் ஏறும், இ.எம்.ஐ. அந்த அளவுக்கு ஏறாது. ஆனால் பெரிய லாபம் சொத்தின் விலை உயர்ந்தால்தான். கட்டடம் பழசாகும், விலை ஏறுவது நிலத்துக்கு. அதனால் ஃபிளாட் வாங்கும்போது யு.டி.எஸ். எனப்படும் பிரிபடாத நிலப் பங்கு எவ்வளவு என்று பார்ப்பது முக்கியம்.

வரிச் சலுகையும் உண்டு. சொத்து வரி போக மீதமுள்ள வாடகையில் 30% கழித்துக்கொள்ளலாம். கடன் வட்டியையும் கழிக்கலாம். அதில் நஷ்டம் வந்தால், பழைய வரி முறையில் ஆண்டுக்கு ரூ.2 லட்சம் வரை சம்பளத்தில் ஈடுகட்டலாம். புதிய வரி முறையில் அது முடியாது.

ரிஸ்க் எங்கே?

அவசரத்துக்கு வீட்டின் ஒரு அறையை மட்டும் விற்க முடியாது. நல்ல விலைக்கு ஆள் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். வாடகைதாரர் பணம் தராமல் இழுத்தடித்தால் அலைச்சல் வேறு. தமிழகத்தில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்துப்பூர்வமாக இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். "தெரிஞ்சவங்கதானே" என்று வாய்வார்த்தையில் விட்டால், பிரச்னை வரும்போது கையில் ஆதாரம் இருக்காது.

யார் வாங்கலாம்?

ஆறு மாதம் வாடகையே வராவிட்டாலும் இ.எம்.ஐ. கட்ட முடியும், பத்து ஆண்டுகளுக்கு இந்தப் பணம் தேவைப்படாது என்பவர்கள் யோசிக்கலாம். வாங்கும் முன் வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், கட்டட அனுமதி மூன்றையும் வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது. வாடகையை மட்டுமே நம்பி கடன் வாங்குபவர்கள், கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை தங்கள் சம்பளத்தோடு போட்டுப் பார்த்துவிட வேண்டும்.