கோடு கடந்தோர்

1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நம் புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. முன்தினம் வரை ஒரே சித்தூர் மாவட்டத்தாராக இருந்த உறவினர், மறுநாள் இரு மாநிலத்தாராயினர். ஆயினும் அதனால் எவரும் குடியுரிமை இழக்கவில்லை. 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் முன்னே வந்தது. கோடு பின்னே நகர்ந்தது. கோட்டைத் தாண்டி மனிதரே ஓட நேர்ந்தபோது சட்டம் எங்கே நின்றது என்பதை, நம் சங்கத்து அன்பர்களுக்கு ஈண்டுச் சிறிது எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியர் இரங்கூன் நகர்மீது குண்டு வீசினர். அந்நாளில் பர்மாவில் வாழ்ந்த இந்தியர் ஏறத்தாழப் பத்து லட்சம். துறைமுகத்தில் சுமை தூக்கியோரில் தெலுங்கர் மிகுதி. நெல் வயல்களுக்கு முதல் கொடுத்தோர் செட்டிநாட்டு நகரத்தார். இன்று நாம் அண்டை வீட்டாராய் வாழும் இரு மொழியினரும் அன்று ஒரே பாதையில் ஓடினர். கப்பலில் இடம் பெற்றோர் கரை சேர்ந்தனர். இடம் பெறாதோர் நடந்தனர்: சிலர் தௌங்கூப் கணவாய் கடந்து அரக்கான் வழியாகச் சிட்டகாங்கிற்கு, சிலர் தாமு வழியாக மணிப்பூருக்கு. வந்து சேர்ந்தோர் நான்கைந்து லட்சம் என்பர். காலராவுக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் வழியிலேயே பலியானோர் பல்லாயிரவர். வசதியான வழி வெள்ளையர்க்கு, கொடுவழி கறுப்பர்க்கு என்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

அவர்களைக் காக்கச் சட்டம் ஏதேனும் இருந்ததா? 1907-ஆம் ஆண்டின் ஹேக் விதிகள், கைப்பற்றிய நாட்டில் பகைவர் படை எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்றே பேசின. ஓர் அரசு தன் ஆட்சிக்குட்பட்டோரையே நடுவழியில் கைவிட்டால் கேட்பதற்கு அவற்றில் ஒரு விதியும் இல்லை. பர்மாவினின்று ஓடியவரோ பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்டவர். விட்டோடிய மண்ணும் பிரிட்டிஷ் மண்ணே.

போர் முடிந்தபின், 1949 ஆகஸ்டு 12 அன்று, ஜெனீவாவில் நான்கு உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. நான்காவது, படைக்கலம் ஏந்தாத குடிமக்களுக்கென்றே எழுந்தது. நான்கிற்கும் பொதுவான மூன்றாம் விதி உள்நாட்டுப் போரிலும் கொலையையும் சித்திரவதையையும் தடுத்தது. இந்தியா 1950-இல் இவற்றை ஏற்று, 1960-இல் தனிச்சட்டமும் இயற்றியது. இலங்கை 1959-இல் ஏற்றது; ஆனால் அதற்கென உள்நாட்டுச் சட்டம் செய்ய 2006 வரை காத்திருந்தது! அகதிகளுக்கான 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலோ இவ்விரு நாடுகளும் சேரவேயில்லை.

இதன் விளைவை 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் கண்டோம். கடல் கடந்து வந்த ஈழத்தமிழரைத் தமிழகம் அன்புடன் ஏற்றது. முகாம் கிடைத்தது, உதவித்தொகை கிடைத்தது. சட்டத்தின் ஏட்டில் மட்டும் அவர்கள் 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெறும் அயல்நாட்டார். 1992-இல் அவர்களைத் திருப்பியனுப்பத் தொடங்கியபோது, விருப்பமில்லாதவரை அனுப்பலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குகள் எழுந்தன. செல்வோர் மனமுவந்து செல்கின்றனரா என்று கேட்டறிய ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்திற்கு அவ்வாண்டே இடம் தரப்பட்டது. 1996-இல் சக்மா மக்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 21-ஆம் விதி குடிமகன் அல்லாதாரின் உயிரையும் காக்கும் என்று தீர்ப்பளித்தது. அகதிச் சட்டம் இல்லாத நாட்டில் அகதிக்கு வாய்த்த பெருந்துணை இவ்வொரு விதியே என்பது எம் கருத்து.

2021-இல் தமிழக அரசு, அகதிகள் முகாம் என்னும் பெயரை மறுவாழ்வு முகாம் என மாற்றியது. பெயரில் என்ன என்பாரும் உளர். அப்பெயரைப் பள்ளியில் சுமந்த குழந்தையைக் கேட்க வேண்டும். 2025-இல், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டு இன்மைக்கான தண்டனையினின்று மத்திய அரசு விலக்களித்தது. தண்டனை நீங்கிற்று; குடியுரிமை வரவில்லை. 1987 ஜூலை முதல், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருந்தாலன்றி இம்மண்ணில் பிறப்பதால் மட்டும் குடியுரிமை கிட்டாது. கும்மிடிப்பூண்டி முகாம் நம் புத்தூருக்கு வெகு தொலைவன்று. இலங்கையைக் கண்ணாலும் கண்டிராமல், அங்கேயே பிறந்து, மணந்து, பிள்ளை பெற்றவர்கள் இன்றும் ஏட்டில் இலங்கையரே.