மின்வாய்க்கு நாக்கு வந்த கதை

சர்க்கரையை நாக்கில் இட்டதும் இனிக்கிறது என்கிறோம். ஆனால் சர்க்கரை மூளைக்குப் போவதில்லை. நாவிலுள்ள சுவை உயிரணுக்கள் அதை இனங்கண்டு நரம்புகளுக்குத் தெரிவிக்கின்றன. மூளையை அடைவது மின்துடிப்பு மட்டுமே. வேதிச் செய்தி மின்செய்தியாக மாறும் இந்த வித்தையை மனிதன் ஒரு கருவிக்குக் கற்றுக் கொடுத்தது எவ்வாறு?

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் லேலண்ட் கிளார்க் என்ற விஞ்ஞானி இருந்தார். குருதியில் ஆக்சிஜன் குமிழிகளைச் செலுத்தி, நுரையீரலின் வேலையைச் செய்யும் கருவி ஒன்றை 1950-களின் தொடக்கத்தில் அமைத்தார். இதய அறுவை மருத்துவத்திற்கு இத்தகைய கருவி மிகவும் தேவைப்பட்டது. ஆயினும் அதைப்பற்றிய அவரது கட்டுரையை ஆய்விதழ் ஒன்று ஏற்கவில்லை. கருவியிலிருந்து வெளிவரும் குருதியில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை அவர் அளந்து காட்டவில்லை என்பதே காரணம்.

அளப்பதற்கு ஒரு வழி முன்பே தெரிந்திருந்தது. பிளாட்டினக் கம்பிக்குச் சிறிதளவு மின்னழுத்தம் கொடுத்தால், அதை வந்தடையும் ஆக்சிஜன் எலெக்ட்ரான்களை ஏற்கும், மின்னோட்டம் உண்டாகும். ஆக்சிஜன் மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். ஆனால் குருதியில் வைத்தால் புரதங்கள் பிளாட்டினத்தின் மேல் படிந்து அளவைக் கெடுத்துவிடும்.

கிளார்க் என்ன செய்தார்? பிளாட்டினம், வெள்ளி ஆகிய இரு மின்வாய்களையும் ஒருசேர மெல்லிய பாலிதீன் படலத்தின் பின்னே வைத்தார். ஆக்சிஜன் படலத்தை ஊடுருவிச் செல்லும், புரதங்கள் செல்லமாட்டா. 1956-இல் இந்த ஆக்சிஜன் மின்வாய் வெளியுலகுக்குத் தெரிந்தது.

ஆக்சிஜனை அளந்தாயிற்று, சர்க்கரையை அளப்பது எப்படி? குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி பூஞ்சைகளிலிருந்து கிடைக்கிறது. பலவகைச் சர்க்கரைகளிடையே குளுக்கோசையே தேர்ந்தெடுத்து அது ஆக்சிஜனேற்றம் செய்யும். அப்போது ஆக்சிஜன் செலவாகும். இந்நொதியை மின்வாயின் முன் நிறுத்தினால், ஆக்சிஜன் குறையும் அளவே குளுக்கோசின் அளவைச் சொல்லிவிடுமல்லவா! 1962-இல் கிளார்க்கும் சாம்ப் லயன்சும் இக்கருத்தை வெளியிட்டனர். 1967-இல் அப்டைக், ஹிக்ஸ் என்ற இருவர் நொதியைக் கூழ்ப்பொருளில் சிறைப்படுத்தி மின்வாயின்மீது பொருத்தினர். 1975-இல் குளுக்கோஸ் அளக்கும் நொதிக் கருவி விற்பனைக்கு வந்தது. 1987-இல் அது பேனா அளவுக்குச் சிறுத்து நோயாளியின் கைக்கே வந்துவிட்டது.

இனங்காணும் திறனை உயிரிடமிருந்து கடன் வாங்கினோம். அதை எண்ணாக மாற்றும் வேலையை மின்வாயிடம் ஒப்படைத்தோம். இன்று நீரிழிவு நோயாளி ஒரு துளிக் குருதியில் தம் நிலையைச் சில நொடிகளில் அறிவது இந்தக் கூட்டினால்தான். அளந்து காட்டு என்ற ஒரு கண்டிப்பான கேள்வியிலிருந்து பிறந்த பயன் இது.