தன்னோடு சேர்ந்த கோப்பி, தன்னை மறுத்த தேயிலை

தமிழகத்திலிருந்து எமது மலையக உறவுகள் முதலில் கொண்டுவரப்பட்டது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. நோய் கண்ட இருபது ஆண்டுகளுக்குள் அந்தக் கோப்பித் தோட்டங்களில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. அச்செடி இனம்பெருக்கும் முறையும் அந்த வீழ்ச்சிக்கு ஒரு காரணம்.

அரபிக்கா கோப்பி பல்லாண்டு வாழும் செடி. அதன் விதைகளில் ஏறத்தாழ 90 சதவீதம் தன்மகரந்தச் சேர்க்கையால் உருவாகின்றன. இவ்வாறு சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகுவதை உள்ளக விருத்தி என்பர். பல தாவரங்களில் இது மறைந்திருக்கும் குறைபாடுகளை வெளிக்கொணர்ந்து நாற்றுகளை நலிவடையச் செய்யும். நான்கு தொகுதி நிறமூர்த்தங்கள் கொண்ட அரபிக்கா அவ்வாறு எளிதில் நலிவதில்லை. ஆனால் செடிக்குச் செடி வேற்றுமை குன்றிவிடுகிறது. யேமனிலிருந்து வெளியே சென்ற சில செடிகளின் வழிவந்தவையே அன்றைய தோட்டங்களில் நின்றன.

1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்தது. அது இலைத்துரு நோயை உண்டாக்கும் பங்கசு. ஒரு செடி தாங்காத நோயை அடுத்த செடியும் தாங்கவில்லை. தோட்டங்கள் மூடப்பட்டபோது தொழிலாளர்கள் பிழைப்பை இழந்தனர்.

அதே மலைகளில் அடுத்து வந்த தேயிலையின் இயல்பு நேர்மாறானது. தன் மகரந்தம் சூலகம்வரை சென்றாலும் கருக்கட்டல் பெரும்பாலும் நிகழாது. வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். அதனால் விதைத் தேயிலை மலையில் எந்த இரு செடியும் ஒன்றுபோல் இராது. கொழுந்தின் நிறமும் துளிர்க்கும் வேகமும் வரட்சியைத் தாங்கும் திறனும் செடிக்குச் செடி மாறும்.

சீரான, கூடிய விளைச்சலுக்காகத் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் சிறந்த தாய்ச்செடிகளைத் தெரிந்தெடுத்தது. அவற்றின் தண்டுத் துண்டங்களிலிருந்து வளர்க்கப்படுவதே 'வீ.பி. தேயிலை'. விளைச்சல் கூடியது உண்மை. ஆனால் ஒரு தாயின் துண்டங்கள் எல்லாம் அந்தத் தாயின் நகல்களே. முழு மலையிலும் ஒரே வகையை நட்டால் கோப்பி நின்ற இடத்தில்தான் தேயிலையும் நிற்கும். பல வகைகளை நடுவது இதற்காகத்தான்.

கோப்பிக்கு மீட்சி கலப்பிலிருந்தே வந்தது. 1920களில் திமோர் தீவில் அரபிக்காவும் ரொபஸ்டாவும் இயற்கையாகக் கலந்து பிறந்த செடி, பின்னாளில் துருநோயைத் தாங்கும் பல வகைகளுக்கு மூலமானது. பழைய விதைத் தேயிலை மலைகள் பிடுங்கப்படும்போது அத்தகைய வேற்றுமையும் சேர்ந்து அழிகிறது. நாளை ஒரு புதிய நோய் வந்தால் தாங்கும் செடியை அங்கேதான் தேட வேண்டியிருக்கும்.