ஏழைகளுக்கு நிழல் தந்த சந்தைச் சிலுவை

இங்கிலாந்து நாட்டின் தென்பகுதியில் உள்ள சிச்செஸ்டர் நகரில், நான்கு பெரிய வீதிகள் கூடும் இடத்தில், கல்லால் கட்டப்பட்ட எண்கோண மண்டபம் ஒன்று நிற்கிறது. நடுவே ஒரு தூண், சுற்றிலும் எட்டு வளைவுகள், மேலே மணிமுடி போல எழும்பும் கோபுரம். இதற்குச் 'சந்தைச் சிலுவை' என்று பெயர். 500 ஆண்டுகளுக்கு மேலாக அது அங்கே நிற்கிறது.

இடைக்கால ஐரோப்பாவில் சந்தை கூடும் இடத்தில் சிலுவை நாட்டுவது வழக்கம். கடவுளின் பார்வையில் கொடுக்கல் வாங்கல் நேர்மையாக நடக்க வேண்டும் என்பதை அது மக்களுக்கு நினைவூட்டியது. காலப்போக்கில் சில ஊர்களில் சிலுவையைச் சுற்றிக் கூரையும் எழுந்தது.

சிச்செஸ்டரில் இதைக் கட்டியவர் அந்நகரின் ஆயர் எட்வர்ட் ஸ்டோரி. ஆண்டு 1501. இங்கிலாந்து திருஅவை உரோமையிலிருந்து பிரிவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முந்தைய காலம் அது. முட்டை, வெண்ணெய், காய்கறி கொண்டுவரும் ஏழைகள் சுங்கம் கட்டாமல், மழையிலும் வெயிலிலும் நனையாமல் வாடாமல் விற்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். மண்டபத்தின் பராமரிப்புக்காக ஆண்டுக்கு 25 பவுண்டு வருமானம் தரும் நிலத்தையும் அவர் விட்டுச் சென்றதாகவும், சில ஆண்டுகளில் நகர ஆட்சியாளர் அந்த நிலத்தை விற்றுவிட்டதாகவும் நகரின் பழைய வரலாறு கூறுகிறது.

அதன் பிறகு மண்டபம் பல சோதனைகளைச் சந்தித்தது. 1642இல் உள்நாட்டுப் போரில் நகரம் நாடாளுமன்றப் படையிடம் வீழ்ந்தது, பேராலயம் சூறையாடப்பட்டது. 1746இல் ரிச்மண்ட் கோமகன் தம் சொந்தச் செலவில் மண்டபத்தை முழுமையாகப் பழுதுபார்த்தார். 1808இல் வடக்கு வீதியில் புதிய சந்தைக் கட்டடம் திறக்கப்பட்டதும், விற்பவர்கள் அங்கே சென்றார்கள். மண்டபம் தன் வேலையை இழந்தது. பயன் இல்லாத கட்டடம் வீதியை அடைக்கிறது என்று இடித்துத் தள்ளுவது எளிது. வேறு பல ஊர்களில் சந்தைச் சிலுவைகள் அப்படியே மறைந்தன. இது தப்பியது.

இன்று இது முதல் தரப் பாதுகாப்பு பெற்ற கட்டடம். உரிய அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட மாற்றுவது சட்டப்படி குற்றம்.

ஆனால் சட்டம் கல்லை மட்டுமே காக்கும். அதைக் கட்டிய எண்ணத்தை யார் காப்பது? கையில் காசில்லாதவரும் சந்தையில் மதிப்போடு நிற்க வேண்டும் என்று ஓர் ஆயர் நினைத்தார். பழைய ஆலயங்களையும் சிலுவைகளையும் பழுதுபார்க்க நாம் நிதி திரட்டுகிறோம்; அது நல்லதே. அவற்றின் நிழலில் கூடையோடு உட்காரும் எளியவரை நாம் விரட்டாமல் இருக்கிறோமா? பேரம் பேசும்போது அவருடைய உழைப்பை மதிக்கிறோமா? சிலுவையை உண்மையாகவே பாதுகாப்பது அங்கேதான் தொடங்குகிறது.