உள்ளூரில் உம்மை அறிந்தவர் யார்? ஏரவாடாவிலிருந்து ப்ரீபெய்டு சிம்மின் வரலாறு

ஏரவாடா என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது சிறைச்சாலை. 1932 செப்டம்பரில் காந்தி உண்ணாநோன்பு இருந்ததும், அம்பேத்கர் பேச்சுவார்த்தைக்கு வந்ததும், இராஜாஜி, எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் போன்ற தமிழ்நாட்டவரும் கையொப்பமிட்ட பூனா ஒப்பந்தம் உருவானதும் அச்சிறையோடு பிணைந்த வரலாறு. ஆனால் ஏரவாடாவுக்கு வேறொரு முகமும் உண்டு. அது அயலவர் வந்திறங்கும் பகுதி. டெக்கான் கல்லூரி 1868 முதல் அங்கேதான் இருக்கிறது. முளா-முட்டா ஆற்றின் மறுகரையில் வெளிநாட்டினர் மிகுதியாகத் தங்கும் கோரேகாவ் பார்க். சற்றுத் தொலைவில் லோகேகாவ் விமான நிலையம். பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்து பயிலும் நகரம் புனே.

இவ்வாறு வந்திறங்கும் ஒருவர் முதலில் தேடும் பொருள் இன்று ஒரு சிம் அட்டை. விரல்நகத்தைவிடச் சற்றே பெரிய அந்தப் பொருளை வாங்கும்போது அவர் எதிர்கொள்ளும் கேள்விகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடையில் இருவகைக் கேள்விகள் எழக்கூடும். "பணம் கட்டுவீரா?" என்பது ஒன்று. "நீர் யார், உம்மை இங்கு அறிந்தவர் யார்?" என்பது மற்றொன்று. முதல் கேள்வி கடன் பற்றியது, வணிகன் கேட்பது. இரண்டாவது அடையாளம் பற்றியது, அரசு கேட்பது. முன்கட்டண முறை முதல் கேள்வியை ஒழிப்பதற்காகவே பிறந்தது. அது ஒழிந்த இடத்தில் இரண்டாவது கேள்வி எவ்வாறு வந்து அமர்ந்தது என்பதே நாம் காண வேண்டியது.

சிம் அட்டையை 1991இல் ஜெர்மனியின் கீசெக்கே – தெவ்ரியன்ட் நிறுவனம் உருவாக்கி ஃபின்லாந்தின் ரேடியோலின்யா நிறுவனத்துக்கு வழங்கியது. தொடக்கத்தில் கைப்பேசி இணைப்பு என்பது மாத முடிவில் பட்டியல் வரும் ஏற்பாடாக இருந்தது. எனவே நிலையான முகவரியும் வங்கிக் கணக்கும் வருமானமும் உடையவர்க்கே இணைப்பு கிடைத்தது. 1995இல் போர்த்துகலில் டிஎம்என் நிறுவனம் 'மிமோ' என்ற பெயரில் முன்கட்டண இணைப்பை விற்கத் தொடங்கியது. பணம் முன்னரே கைக்கு வந்துவிட்டதால் வாங்குபவரின் நாணயத்தை விசாரிக்க வேண்டிய தேவை வணிகனுக்கு இல்லாமற் போயிற்று. மாணவர், தினக்கூலி, வழிப்போக்கர் என யார்க்கும் ஓர் எண் வாய்த்தது. வெளிநாடு சென்றவர் அந்நாட்டு எண்ணைச் சில வாரங்களுக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்தி எறிந்துவிடும் வழக்கம் இதன் விளைவே.

அதே 1995இல், ஜூலை 31 அன்று, கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு தில்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடலாக அது குறிக்கப்படுகிறது. வரும் அழைப்புக்கும் பணம் கட்ட வேண்டியிருந்த காலம் அது. அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை 2003இல் நடைமுறைக்கு வந்த பின்னர்தான் முன்கட்டண இணைப்பு எளியோர் கைகளுக்குப் பரவியது.

அதற்கு முன் ஏரவாடாவில் தங்கிய அயலவர் எவ்வாறு தொடர்பு கொண்டனர்? இரு எல்லைகளைச் சுட்டலாம்.

ஓர் எல்லை சிறை. 1922 மார்ச்சில் தண்டிக்கப்பட்ட காந்தி ஏரவாடாவில் அடைக்கப்பட்டபோது அவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் எழுத அனுமதி இருந்தது. அந்த ஏப்ரலில் ஹக்கீம் அஜ்மல் கானுக்கு அவர் எழுதிய கடிதத்தை உள்ளபடியே அனுப்ப அரசு இசையவில்லை. 1930இல் அதே சிறையிலிருந்து ஆசிரமத்துக்கு அவர் வாரந்தோறும் எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாயின. அனுமதியும் மறுப்பும் கடிதத்தின் உள்ளடக்கத்தைப் பொறுத்தே அமைந்தன. எழுதியவர் யார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. என்ன எழுதினார் என்பதே அரசின் கவலை.

மறு எல்லை டெக்கான் கல்லூரி. 1950களின் நடுப்பகுதியில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆதரவில் அங்கு மொழியியல் பயிற்சிகள் நடந்தன. வில்லியம் பிரைட் போன்ற அமெரிக்க மொழியியலாளர் அங்கு வந்து பணியாற்றினர். பேச்சுக் கன்னடம் பற்றிய பிரைட்டின் நூலை அக்கல்லூரியே வெளியிட்டது. இவ்வகை அறிஞர் அந்நியர் பதிவுச் சட்டம் 1939, அந்நியர் சட்டம் 1946 ஆகியவற்றின் கீழ் வந்தவர்கள். அவர்தம் வரவும் இருப்பும் காவல்துறை அலுவலகத்தில் பதிவாயின. ஆயினும் அஞ்சலகத்தில் அவர் தந்தி கொடுக்கவோ கடிதம் எழுதவோ உள்ளூரார் ஒருவரின் பிணை தேவைப்படவில்லை. நாட்டில் இருப்பதற்குப் பதிவு வேண்டும்; பேசுவதற்கு வேண்டாம் என்பதே அன்றைய நிலை.

1980களின் பிற்பகுதியில் தெருவெங்கும் முளைத்த எஸ்டிடி – ஐஎஸ்டி – பிசிஓ கூண்டுகள் இந்நிலையை மேலும் எளிதாக்கின. உள்ளே சென்று, கதவைச் சாத்தி, ஊருக்குப் பேசி, மின்மானி காட்டிய தொகையைக் கொடுத்து வெளியேறலாம். பேசுபவரின் பெயர் கடைக்காரருக்குத் தேவையில்லை, பணமே பெயர். முன்கட்டண சிம், தன் பிறவி இயல்பில், இந்தக் கூண்டைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்வதற்கு ஒப்பானது. ஆனால் இந்தியாவில் அது அவ்வாறு வாழ முடியவில்லை.

காரணங்களில் முதன்மையானது பாதுகாப்பு அச்சம். 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலின் விசாரணையில், போலி ஆவணங்களைக் கொடுத்து இந்தியாவில் வாங்கப்பட்ட சிம் அட்டைகளின் தடம் வெளிப்பட்டது. 2009 நவம்பரில் ஜம்மு காஷ்மீரில் முன்கட்டண இணைப்புகள் முற்றாகத் தடை செய்யப்பட்டு, இரு மாதங்களுக்குப் பின் தடை நீங்கியது. ஆயினும் பிற மாநிலத்து முன்கட்டண எண்கள் அங்கு இயங்காத நிலை தொடர்ந்தது. 2010 பிப்ரவரி 13 அன்று, ஏரவாடாவுக்கு ஆற்றின் மறுகரையில், கோரேகாவ் பார்க்கின் ஜெர்மன் பேக்கரியில் குண்டு வெடித்தது. இறந்தோரில் வெளிநாட்டினரும் இருந்தனர். அயலவர் அச்சத்துக்குரியவராகவும் அச்சத்துக்கு இரையானவராகவும் ஒரே நேரத்தில் ஆன இடம் அது.

2012 ஏப்ரல் 27 அன்று அபிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் சந்தாதாரர் சரிபார்ப்பைக் கடுமையாக்க வழிகாட்டியது. ஆகஸ்டில் தொலைத்தொடர்புத் துறை விரிவான விதிகளை வெளியிட்டது. மூன்று மாதங்களுக்குப் பின், நவம்பர் 21 அன்று, மும்பைத் தாக்குதலில் உயிரோடு பிடிபட்ட அஜ்மல் கசாப் ஏரவாடா சிறையில் தூக்கிலிடப்பட்டான். இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் ஒரே அச்சத்தின் இருவேறு முடிவுகளை ஒரே ஆண்டில் காண்கிறோம்: ஒன்று சிறைக்குள், மற்றொன்று சிம் விற்கும் கடையில்.

விதிகளில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது 'உள்ளூர் அறிமுகம்' என்னும் கட்டம். வெளிநாட்டவர் கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் நகல்களோடும் ஒளிப்படத்தோடும் உள்ளூரில் தம்மை அறிந்த ஒருவரின் பெயரையும் தொடர்பு எண்ணையும் தர வேண்டும். இணைப்பின் ஆயுளும் விசாவின் ஆயுளோடு கட்டப்பட்டது. இதைவிடச் சுவையான செய்தி ஒன்றுண்டு. வெளியூர் இந்தியரும் இதே கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தது. மதுரையிலிருந்து புனேக்குப் படிக்க வந்த மாணவியும் நைரோபியிலிருந்து வந்த மாணவரும், குடியுரிமையில் வேறுபட்டிருந்தும், கைப்பேசிக் கடையில் ஒரே வரிசையில் நின்றனர். தொலைத்தொடர்பின் நிலப்படத்தில் இந்தியா பல வட்டங்களாகப் பிரிந்து கிடந்ததால், தமிழ்நாட்டு வட்டத்தவர் மகாராட்டிர வட்டத்தில் ஒருவகை அயலவரே. அங்கே தம் பழைய எண்ணைப் பயன்படுத்தினால் ரோமிங் கட்டணம். வட்டம் கடந்து எண்ணை உடன் கொண்டு செல்லும் உரிமை 2015 ஜூலையில்தான் நாடு முழுவதும் கிடைத்தது.

தமிழில் 'புணை' என்ற பழஞ்சொல்லுக்குத் தெப்பம் என்றும் ஈடு அல்லது பிணை என்றும் பொருளுண்டு. ஆற்றைக் கடக்க உதவுவதும் ஒருவருக்காக இன்னொருவர் ஈடாக நிற்பதும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. உள்ளூர் அறிமுகம் இவ்விரு பொருளையும் தாங்கி நின்றது. ஆனால் புணை எல்லார்க்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. அழைப்புக் கடிதத்தோடு வரும் பேராசிரியருக்கு நிறுவனமே புணை. விடுதி மாணவருக்கு விடுதிக் காப்பாளர். நட்சத்திர விடுதியில் தங்குபவருக்கு அதன் மேலாளர். தனியே வரும் பயணிக்கும், எவரையும் அறியாத தொழிலாளிக்கும், ஊரில் கால்வைத்த முதல் நாளே ஒரு நண்பரைக் காட்டு என்று கேட்டால் அவர் எங்கே போவார்? நண்பரைப் பெறுவதற்கே தொலைபேசி தேவைப்படும் நிலையில், தொலைபேசியைப் பெற நண்பர் தேவைப்படும் முரண் இது. அறிமுகம் தேவைப்படும் இடத்தில் அறிமுகத்தைக் கடனாகத் தருவோரும் தோன்றுவர். அப்போது படிவம் நிரம்பிவிடும். ஆனால் விதி அறிய விரும்பிய உண்மை அதில் இராது. அடையாளத்தை உறுதி செய்யும் எந்த ஏற்பாட்டுக்கும் இது பொதுவான நோய்.

2017 பிப்ரவரியில் இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தன. பிப்ரவரி 6 அன்று லோக்நிதி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா இணைப்புகளையும் ஓராண்டுக்குள் சரிபார்க்கும் ஏற்பாட்டைப் பதிவு செய்தது. அதன் தொடர்ச்சியாக ஆதாரோடு கைப்பேசி எண்ணை இணைக்கும் நெருக்கடி பிறந்தது. ஆதார் இல்லாதவர், குறிப்பாகக் குறுங்காலப் பயணி, அந்த அமைப்புக்கு வெளியே நின்றார். அதே மாதம் சுற்றுலா அமைச்சகம், இ-விசாவில் வருவோர்க்குத் தில்லி விமான நிலையத்தில் பிஎஸ்என்எல் சிம் ஒன்றை இலவசமாக வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் 50 ரூபாய்க்குப் பேச்சும் 50 எம்பி தரவும் இருந்தன. அரசின் ஒரு கை கேள்வியை இறுக்கியது. மறு கை தானே புணையாக நின்றது. விசாவுக்காக ஏற்கெனவே விசாரிக்கப்பட்டவரை மறுபடி விசாரிப்பதேன் என்ற பொது அறிவு இரண்டாவது திட்டத்தில் இருந்தது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் கைப்பேசி எண்ணோடு ஆதாரைக் கட்டாயமாக இணைப்பது செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

உலகம் இக்கேள்விக்கு ஒரே விடையைத் தரவில்லை. சிங்கப்பூர் 2005 நவம்பரிலிருந்து முன்கட்டண சிம் வாங்குவோரைப் பதிவு செய்கிறது; ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையை 2014இல் 10இலிருந்து 3ஆகக் குறைத்தது. லிட்டில் இந்தியாவில் சிம் வாங்கும் தமிழ்த் தொழிலாளர் தம் அடையாள ஆவணத்தைக் காட்டியாக வேண்டும். உள்ளூரார் ஒருவரைக் காட்ட வேண்டியதில்லை. பிரிட்டனில் இன்றும் பெயர் சொல்லாமலே முன்கட்டண சிம் வாங்கலாம். மெக்சிகோ 2009இல் சட்டமியற்றித் தொடங்கிய பதிவேட்டைச் சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. 2021இல் உடற்கூறு அடையாளங்களோடு மீண்டும் கொண்டுவந்த சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022இல் நீக்கியது. பதிவு என்பது தவிர்க்க இயலாத இயற்கை விதி எனக் கருதுவோர்க்கு இவ்வேறுபாடுகள் மறுமொழி.

இன்று அட்டையே மறைந்து வருகிறது. இ-சிம் வழியே பயணி தன் நாட்டில் இருந்தபடியே வேற்று நாட்டுத் தரவை வாங்கிக்கொண்டு விமானமேறலாம். கடையும் இல்லை, படிவமும் இல்லை, உள்ளூர் அறிமுகமும் இல்லை. ஆனால் கேள்வி மறையவில்லை. 2024 ஜனவரியில், உரிய அனுமதி இன்றி இ-சிம் விற்றதாகக் கூறி இரண்டு வெளிநாட்டுச் செயலிகளை முடக்க இந்திய அரசு ஆணையிட்டது. தொலைத்தொடர்புச் சட்டம் 2023 உடற்கூறு அடிப்படையிலான அடையாளத்துக்கு வழிவகுத்துள்ளது. ஆள்மாறாட்டம் செய்து சிம் பெறுவதற்கு 3 ஆண்டுவரை சிறையும் 50 இலட்சம் ரூபாய்வரை தண்டமும் விதிக்கிறது. 1939, 1946 சட்டங்களுக்கு மாற்றாக வந்த குடியேற்ற – அந்நியர் சட்டம் 2025 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது.

தொகுத்துப் பார்த்தால் ஒரு நகர்வு தெளிவாகிறது. காந்தியின் கடிதத்தைத் தடுத்த அரசு சொல்லைக் கண்காணித்தது. அதற்குத் தந்திச் சட்டம் 1885 முதலிய கருவிகள் முன்பும் இருந்தன. இன்றும் இடைமறிக்கும் அதிகாரம் அரசிடம் உண்டு. சிம் பதிவு அதனோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தது: ஒருவர் எதையும் பேசுமுன்னரே அவர் யார் என்பது பதிவாகிவிடுகிறது. இது அச்சத்தின் பேரில் வந்தது. அந்த அச்சம் பொய்யானதன்று. மும்பையிலும் புனேயிலும் இறந்தவர்கள் மெய்யானவர்கள். ஆனால் ஒரு விதியின் நியாயம் அது தோன்றிய காரணத்தோடு முடிவதில்லை. அது யாரைத் தடுத்தது, யாரை அலைக்கழித்தது என்பதையும் கணக்கில் கொண்டே அதை எடைபோட வேண்டும்.

இடப்பெயர்வு, எல்லை, குடியுரிமை பற்றி ஆய்வு செய்யும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். கப்பற் பயணிகளின் பட்டியல்களையும் கங்காணிகளின் கணக்குகளையும் கொண்டு மலேயா, இலங்கை சென்ற தமிழரின் வரலாற்றை எழுதினோம். அவ்வாறே 21ஆம் நூற்றாண்டின் பயணியை அறிய, கைப்பேசிக் கடைகளில் நிரப்பப்பட்ட விண்ணப்பப் படிவங்களும் ஆவணங்களே. அவை கிடைப்பது அரிது. எளிதில் கிடைக்கவும் கூடாது. ஆனால் அவற்றை நிரப்பியவர்களும், அடுத்தவர்க்குப் புணையாகப் பெயர் தந்தவர்களும், விற்ற கடைக்காரர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வதற்கு இதுவே காலம். 'உள்ளூர் அறிமுகம்' என்ற கட்டத்தில் யாருடைய பெயரை எழுதினீர்கள், ஏன் அவரை எழுதினீர்கள் என்ற எளிய கேள்வியிலிருந்து தொடங்கலாம்.