புழுங்கலரிசியும் பெரிபெரியும்

வரக்காப்பொல முதலாய கேகாலைப் பகுதித் தோட்டங்களின் வரலாறு எழுதுவோர் கூலியையும் கடனையும் கணக்கிடுவர். உலையிலிட்ட அரிசியை எண்ணுவாரில்லை. எண்ணத்தக்க பொருள் அது.

பெரிபெரி என்னும் பெயர், 'இயலாது' எனப் பொருள்படும் சிங்களச் சொல்லின்வழி வந்ததென்பர். தயமின் என்னும் உயிர்ச்சத்து மிகக் குன்றியவிடத்துக் குருதிக்குழாய்கள் விரியும், கால்கள் வீங்கும், அளவிறந்து உழைத்த இதயம் ஓயும். மலாயாவில் தீட்டிய பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளர் இந்நோயால் மாண்டனர். ஆங்கே புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் தப்பினர். இவ்வேற்றுமையை 1907இல் நூலாக எழுதிய பிராடன், அரிசியில் நஞ்சுண்டு எனக் கருதினார். காரணம் பிழை, கண்ட உண்மை பெரிது. பிரேசரும் ஸ்டான்டனும் சாவகத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் பச்சையரிசியும் மற்றையோர்க்குப் புழுங்கலரிசியும் அளித்தனர். நோய் பச்சையரிசி உண்டாரையே பற்றியதை 1909இல் வெளியிட்டனர்.

நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால் உமியடுத்த தவிட்டின் சத்து மணியினுள் இறங்குகின்றது. பின்னர்த் தீட்டினும் முற்றும் நீங்குவதில்லை. அச்சத்தை 1936இல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய இராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரிற் பிறந்தவர் என்பதும் ஒரு வியப்பே. அதற்கு நெடுங்காலம் முன்னரே, சத்தின் பெயரறியாத தமிழ்ப் பெண்டிர் நெல் அவித்து வந்தனர். சபரகமுவத் தோட்டங்களுக்குப் பெயர்ந்த தமிழரின் உணவுப் பழக்கமும் அம்மரபில் வந்ததே.